குமுஷாய் அக்கா கழற்றிய சக்கரம்

எங்கள் வீட்டு வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் குமுஷாய் அக்கா வந்தவர்களின் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பாள். முதலில் வண்டியின் காலைப் பார்ப்பாள். வந்தவர் கதவைத் திறந்து இறங்கி, "சௌக்கியமா, பிள்ளைங்க சௌக்கியமா, ஆடு மாடு சௌக்கியமா" என்று எங்கள் வழக்கப்படி ஒவ்வொன்றாக விசாரித்து முடிப்பதற்குள் இவள் முன் சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டுப் பின் சக்கரத்துக்குப் போயிருப்பாள். பதில் மட்டும் அங்கிருந்து வரும்.

"எல்லாரும் சௌக்கியம். இது என்ன, ஒரு ஓரம் மட்டும் இப்படித் தேஞ்சு கெடக்கு?"

நான் அவளுக்கு ஓர்ப்படி. பெரியவர் ஜுமகாதிருக்கு அவள், சின்னவருக்கு நான். சுற்றுச்சுவர் ஒன்று, வீடு இரண்டு, அடுப்பு ஒன்று. ஒரே அடுப்பில் இத்தனை காலம் சேர்ந்து சமைத்தவளைப் பற்றி நல்லதும் சொல்லலாம், கெட்டதும் சொல்லலாம். நான் இரண்டையும் சொல்லுவேன், எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒரு தடவை பெரியவர் கற்றுக்கொடுக்கிறேன் என்று உட்காரவைத்தார். கோழிக்கூண்டை இடித்துவிட்டு இறங்கியவள் அப்புறம் ஓட்டுகிற இருக்கையில் உட்காரவே இல்லை. ஆனால் டயர் என்றால் மட்டும் அவளுக்குப் பித்து. அவள் அப்பா கொச்கோரில் பஸ் ஓட்டினவர். நல்ல தொப்பை. குனிந்து சக்கரத்தின் உள்பக்கம் பார்க்க அவரால் முடியாது. அதனால் சின்னக் கை உள்ள மகளை அடியில் அனுப்புவார். இவள் தவழ்ந்து போய், கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, "சரியா இருக்குப்பா" என்று குரல் கொடுத்த பிறகுதான் பஸ் கிளம்புமாம். கல்யாணமாகி ஜும்கலுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

காலையில் பெரியவர் தேநீரை வாயில் வைப்பதற்கு முன் இவள் எங்கள் பழைய காரைச் சுற்றி வந்துவிடுவாள். ஓடி வந்த டயர் சூட்டில் உப்பிக்கொண்டு பொய் சொல்லும், ராத்திரி முழுக்க ஆறின டயரிடம்தான் உண்மை கேட்க வேண்டும் என்பாள். நாலையும் அமுக்குவாள். டயரின் மேடுபள்ளப் பட்டன் இடுக்கில் ஒரு சோம் காசைச் செருகி, காசு எவ்வளவு மறைகிறது என்று பார்ப்பாள். இடுக்கில் மாட்டிய கூழாங்கல்லைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுப்பாள். அந்தக் கரண்டியைக் கழுவிவிட்டுத்தான் வைக்கிறாளா என்று எனக்கு இன்றைக்கு வரை சந்தேகம். கடைசியில் மண்டியிட்டு, கையை உள்பக்கம் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள்.

"என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருக்கியாடி?" என்பார் பெரியவர்.

"உங்க மூஞ்சி பஞ்சர் ஆகட்டும், அப்ப பாக்கிறேன்."

எப்போதும் சரியாகவே சொல்லிவிடுவாள் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு வசந்த காலத்தில் கால்நடை வைத்தியர் வந்தார். அவர் கிளம்பும்போது அக்கா ஓடிப்போய், டயரில் ஆழமாக வெட்டு விழுந்திருக்கிறது, இதோடு போகக்கூடாது என்று மல்லுக்கு நின்றாள். அந்த மனிதருக்கு அடுத்த ஊரில் மாடு ஈனக் காத்திருந்தது. அவரை இறங்கவைத்து, வெந்நீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவிப் பார்த்தால், வெட்டும் இல்லை ஒன்றும் இல்லை, காய்ந்த சேறு. மாடு அவருக்காகக் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு ஆட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்தால் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார்.

இதனால் அதிகம் கூசிப்போனது ஜிபார்தான். ஜிபார் எங்கள் வீட்டுக் கடைக்குட்டி, எங்கள் வீட்டுக்காரர்களின் தங்கை. அவள் தத்தித் தத்தி நடக்கிற வயதில் மாமியார் போய்விட்டார். அந்த வருஷம்தான் குமுஷாய் அக்கா மருமகளாக வந்து இறங்கினாள். முகத்திரை எடுத்த மறுநாளே இடுப்பில் குழந்தை. அக்காவுக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள். ஆனால் உனக்கு மூத்தது யார் என்று கேட்டால் ஜிபார் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பெண்ணுக்குத்தான் போன இலையுதிர் காலத்தில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தலாஸ்காரன்.

தலாஸ் என்றால் கோகோமெரென் பள்ளத்தாக்கில் ஆற்றோரமாகப் போய், சூசமீர் வெளியைக் கடந்து, ஒத்மோக் கணவாய் ஏறி இறங்க வேண்டும். அக்டோபர் கடைசி. கணவாயில் பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று செய்தி வந்திருந்தது.

சம்பந்தி வீட்டார் பெண்ணை அழைத்துப்போக வருகிற அன்று காலையில் ஜிபார் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் விருந்துக்குப் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, உங்கள ஒண்ணு கேப்பேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும், அவங்க வண்டிகிட்டப் போகாதீங்க. மாமனார் அந்த ஜீப்பு மேல உசிரையே வச்சிருக்காராம். நாலு பேர் முன்னாடி நீங்க அதுக்கடியில போய்ப் படுத்துட்டீங்கன்னா நான் அந்த ஊர்ல தலைநிமிர முடியாது."

"நான் எதுக்குடி போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் அக்கா.

"சத்தியமா?"

"சத்தியமா."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று அவள் நிஜமாகவே போகாமல் இருக்கத்தான் நினைத்தாள், அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் அவர்கள் வந்தார்கள். ஒரு வேன், அதற்கு முன்னால் கருப்பு ஜீப். ஜீப்பை ஓட்டி வந்தது சம்பந்தி ஷெர்காசி, பக்கத்தில் மாப்பிள்ளை. சம்பந்தி ஆஜானுபாகுவான ஆள், நரைத்த மீசை, குரல் கணீரென்று இருக்கும். அவர்கள் இறங்கியதும் எங்கள் முறைப்படி தலையில் மிட்டாயும் போர்சோக்கும் வாரி இறைத்தோம். பெண்களும் பிள்ளைகளும் விழுந்தடித்துப் பொறுக்கினார்கள், அந்த மிட்டாய் ராசி. அதில் ஒரு பிடி ஜீப்புக்கு அடியில் உருண்டு போனது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா ஜீப்பைப் பார்த்தாள். திரும்பிக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். அப்புறம், "அடடா, நல்ல மிட்டாய் வீணாப் போகுதே" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போய்விட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ராசி மிட்டாய்க்காகக் குனிகிறவளை யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவள் வெளியே வந்தபோது கையில் மிட்டாய் இருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை. என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"துர்சுன், வலது பக்கம் பின் சக்கரம். உள்பக்கம் வீங்கியிருக்கு."

"உங்களுக்கு எப்பப் பாத்தாலும் இதான். சேறா இருக்கும்க்கா."

"சேறு இல்லடி. தொட்டுப் பாத்தேன். முட்டை அளவுக்குப் புடைச்சுட்டு நிக்குது. உள்ள இருக்கிற நூலு அறுந்து போச்சு, வெறும் ரப்பர்தான் தாங்கிட்டு இருக்கு. வெளியிலேர்ந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கும். பள்ளத்துல ஒரு தடவை நல்லா இறங்கிச்சுன்னா படார்னு போயிடும்."

அந்த ஜீப்பில்தான் ஜிபார் போகப்போகிறாள். பெண்ணுக்குத் துணையாக ஓர் அண்ணி போக வேண்டும். அக்கா பெரிய மருமகள், விருந்தை விட்டு அசைய முடியாது. ஆகவே போகப்போவது நான். இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஒத்மோக்கில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

அக்கா பெரியவரைக் கண்ஜாடை காட்டி வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"வாயத் தெறக்காத. இப்பதான் அந்த மனுஷன் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு இருக்காரு, இந்த ஜீப்பு என்னைக்குமே என்னைக் கைவிட்டதில்ல, பனியோ பாறையோ இதுக்கு ஒண்ணுதான்னு. நீ போய் அதுல நொட்டை சொல்லப்போறியா? கெளம்பற வண்டிய அபசகுனமாப் பேசினா அவங்க வாய் சும்மா இருக்குமா? நாளைக்கு அங்க ஒரு ஆட்டுக்குட்டி செத்தாக்கூட இவ அண்ணி கண்ணு வச்சுட்டாம்பாங்க. வாழப்போறவ நம்ம பொண்ணு."

"அப்ப பேசாம அனுப்பிடலாமா?"

பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு இது ஒரு வசதி.

எனக்கு வந்ததே கோபம். அவர் மேலும் வந்தது, சம்பந்தி மேலும் வந்தது, மிட்டாய் பொறுக்கப்போன அக்கா மேலும் வந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன், சேராவிட்டாலும் நிம்மதியாகவே உயிரை விட்டிருப்பேன்.

அக்கா அடுப்பில் கறி வேகிற பானையைக் கிளறிவிட்டாள். பிறகு, "ஊசி நூல் ரெடியா வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டாரை வம்புக்கு இழுப்பது அண்ணிமார்களின் பாத்தியதை. தண்ணீரைத் தலையில் ஊற்றலாம், செருப்பை ஒளித்துவைத்துப் பரிசு வாங்கலாம், உட்கார்ந்திருக்கிறவரின் அங்கியை மெத்தையோடு சேர்த்துத் தைத்துவிடலாம். யாரும் கோபப்படக்கூடாது, கோபப்பட்டால் அவருக்குத்தான் கௌரவக் குறைச்சல். நான் காலையிலேயே ஊசியில் தடிமனான நூலைக் கோத்து வைத்திருந்தேன்.

"சம்பந்தியத் தச்சுடு. நல்லா நெருக்கமாத் தை, எந்திரிக்க நேரமாகணும். பொருளைத் திருடிட்டுப் பணயம் கேக்கறதும் நம்ம உரிமைதானே? செருப்பத் திருடலாம்னா சக்கரத்தைத் திருடக்கூடாதா?"

"சக்கரத்தையா?"

"வீங்கின சக்கரத்தக் கழட்டிட்டு, பின்னால தொங்குதே ஸ்டெப்னி, அத மாட்டிடுவோம். கழட்டினதத் திருடினதா வச்சுக்கலாம். யாரும் யாரையும் குறை சொன்னதா ஆகாது."

அவளைப் பற்றி எவ்வளவோ குறை பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு.

உள்ளே விரிப்பைச் சுற்றி எல்லோரும் மெத்தைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்திக்கு நாங்கள் போர்த்திய புது சப்பான் அங்கி, தரையில் அகலமாக விரிந்து கிடந்தது. ஒரு கையில் தேநீர்க் கெண்டியை வைத்துக்கொண்டு நான் பின்னால் முட்டி போட்டேன். அவர் ஜீப் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் தைத்துக்கொண்டே இருந்தேன். எதிரே இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள், ஆனால் சிரிப்பை விழுங்கிக்கொண்டு காட்டிக்கொடுக்காமல் இருந்தார்கள். பெரிய கறித்தட்டும் ஆட்டுத்தலையும் வந்து, எலும்பு முறைப்படி பங்குபோட ஆரம்பித்ததும் நான் நழுவி வெளியே வந்தேன்.

அக்கா ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தாள். சாவி ஜீப்பிலேயே தொங்கியது, எங்கள் ஊரில் யார் சாவியை எடுக்கிறார்கள். அவருடைய ஜாக்கி, அவருடைய ஸ்பேனர். ஸ்டெப்னியை இறக்கி அமுக்கிப் பார்த்தால் காற்று இல்லை. எங்கள் பம்பை எடுத்து வந்து நான் கால் மாற்றி மாற்றி மிதித்தேன், கால் இற்றுப்போனது. அவள் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரை வால்வு மேலும் டயர் முழுக்கவும் ஊற்றி, எங்காவது கொப்புளம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. பட்டன் நன்றாக இருந்தது, வெடிப்பு இல்லை. கையைச் சுற்றி விட்டுப் பார்த்துவிட்டு, "இது தாங்கும்" என்றாள்.

நட்டு அசையவில்லை. அக்கா ஸ்பேனர் காம்பின்மேல் ஏறி நின்று குதித்தாள். விருந்துக்காகக் கட்டிய பட்டுத் தலைத்துணி கழுத்தில் கிடந்தது. ஒவ்வொரு நட்டாக இளகியது. ஜாக்கியால் தூக்கி, சக்கரத்தை உருவி, தரையில் சாய்த்துவைத்தாள். அப்போதுதான் நானும் உள்பக்கத்தைப் பார்த்தேன். சேறு இல்லை. அவள் சொன்ன மாதிரியே புடைத்துக்கொண்டு நின்றது.

ஸ்டெப்னியை மாட்டி நட்டை விரலால் திருகிக்கொண்டிருந்தபோது உள்ளே பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சம்பந்தி வாசலில் நின்றார். பின்னால் கழிப்பறைக்குப் போக எழுந்திருக்கிறார் போல. எழுந்தபோது மெத்தையும் கூடவே எழுந்துவிட்டது. பெண் வீட்டார் போர்த்திய சப்பானைக் கழற்றுவது மரியாதை இல்லை. மனிதர் மெத்தையை இழுத்துக்கொண்டே படி இறங்கி வந்துவிட்டார்.

வந்தவர் எங்களைப் பார்த்தார். தூக்கி நிறுத்தின தன் ஜீப்பைப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

அக்கா கருப்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"திருட்டு நடக்குது சம்பந்தி. எங்க வீட்டுப் பொண்ணையே நீங்க தூக்கிட்டுப் போறீங்க. நாங்க உங்க சக்கரம் ஒண்ணைத் தூக்கக்கூடாதா?"

அவர் சிரிக்கவில்லை. கழற்றிவைத்த சக்கரத்தின் பக்கத்தில் மெத்தையோடு குந்தினார். மேல்பக்கம் தட்டிப் பார்த்தார். பிறகு கை உள்பக்கம் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது. இந்த மனிதர் இப்போது என்ன சொல்கிறாரோ அதை வைத்துத்தான் ஜிபாரின் வாழ்க்கை என்று எனக்குத் தோன்றியது, அக்காவுக்கும் தோன்றியிருக்கும்.

அதற்குள் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "என்ன சம்பந்தி, என்ன போச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

ஷெர்காசி எழுந்தார். "கொள்ளைக்காரிங்கப்பா இந்த ஜும்கல்காரிங்க," என்று கணீரென்று சொன்னார். "இருக்கறதுலயே நல்ல டயராப் பாத்துத் தூக்கிட்டாளுங்க."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். மெத்தையைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். "தலாஸ்காரன் படுக்கையோடதான் வெளியே வருவான் போல," என்றார் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர். அந்தச் சத்தத்துக்கு நடுவே சம்பந்தி அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"மத்த மூணும் பாத்தாச்சா தங்கச்சி?"

"பாத்துட்டேன்."

"உள்பக்கமும்?"

"கை விட்டுப் பாத்துட்டேன்ண்ணா. அதுல ஒண்ணும் இல்ல."

அவர் தலையாட்டினார். அவள் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி, மெத்தை முதுகில் தொங்க, நட்டு ஒவ்வொன்றையும் தானே இறுக்கினார். முடித்துவிட்டு மறுபடி சத்தமாக, "சரி, என் சக்கரத்துக்கு என்ன பணயம் கேக்கறீங்க?" என்றார்.

"இப்ப ஒண்ணும் வேணாம். அது இங்கயே கெடக்கட்டும். வசந்தத்துல பொண்ண மறுவீட்டுக்கு நீங்களே கூட்டிட்டு வாங்க. அப்ப மீட்டுக்கலாம்," என்றாள் அக்கா.

கிளம்புகிற நேரம். உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னார்கள், எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். பெண்கள் பிரிவுப் பாட்டை எடுத்தார்கள். வெள்ளைத் தலைத்துணி போட்ட ஜிபார் எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா பாடவும் இல்லை, அழவும் இல்லை. ஜிபாரின் நெற்றியில் மூக்கை வைத்து ஒரு தடவை முகர்ந்தாள். ஜிபாரின் கண் அவள் கறுத்த நகங்களில் விழுந்தது.

"போயிட்டீங்கல்ல? சத்தியம் பண்ணீங்களே அண்ணி."

"மிட்டாய் எடுக்கத்தாண்டி போனேன்."

ஜிபார் கோபமாகத்தான் ஜீப்பில் ஏறினாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது, பெண்ணை உள்ளறையில் உட்காரவைத்திருந்தோம். எனக்குச் சொல்லிவிடலாம் என்று வாய் துறுதுறுத்தது. முன்னால் மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் இருந்தார்கள், அடக்கிக்கொண்டேன். கோகோமெரென் முடிகிறவரை அவள் என்னோடும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

ஷெர்காசி நிதானமாக ஓட்டினார். ஒத்மோக் ஏற்றத்துக்கு முன் ஒரு வளைவில், பொழுது சாயும் நேரத்தில், ஓரமாக நிறுத்தினார். பனி தூறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இறங்கிச் சோம்பல் முறித்தான். நான் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றப்போனேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஜிபார் இல்லை, கதவு திறந்து கிடக்கிறது.

புதுப்பெண் மாமனார் வீட்டு வாசலில்தான் தரையில் கால் வைக்க வேண்டும். மாமனார் முன்னால் சத்தமாகப் பேசக்கூட மாட்டாள். இவள் வெள்ளைத் துணியோடு முன் சக்கரத்துக்கு எதிரே குந்திக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அமுக்கிவிட்டு மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடியிருந்தாள். மூக்கு இன்னும் சிவந்துதான் இருந்தது. போயிற்று, பகலில் காப்பாற்றின மானம் இங்கே போயிற்று என்று நினைத்தேன்.

"ஜிபார், என்ன இது, உள்ள ஏறு," என்றான் மாப்பிள்ளை.

"விடுறா. பாக்கட்டும்," என்றார் ஷெர்காசி. தன் போனில் விளக்கைப் போட்டு அவளுக்குப் பின்னாலேயே போனார். அவள் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி வந்தாள். அவர் குனிந்து வெளிச்சம் காட்டிக்கொண்டு வந்தார். வலது பக்கம் பின் சக்கரத்தில் அவள் இரண்டு தடவை அமுக்கினாள். தரையைப் பார்த்துக்கொண்டே, கேட்டும் கேட்காததுமான குரலில் சொன்னாள்.

"மாமா, இதுல காத்து கொஞ்சம் கம்மியா இருக்கு."

அது நான் மிதித்த காற்று.

அவர் பின்னால் போய்த் தன் பம்பை எடுத்து வந்து பொருத்தி, அந்தப் பனியில் நின்று மிதிக்க ஆரம்பித்தார். மீசையில் பனி ஒட்டியது. மாப்பிள்ளை, "நான் மிதிக்கிறேம்ப்பா," என்று வந்தான், கையை ஆட்டி விலக்கிவிட்டார். ஜிபார் சக்கரத்தின்மேல் கட்டைவிரலை வைத்தபடி குந்தியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "போதும்," என்றாள்.

அவர் நிறுத்தினார்.

மறுநாள் காலையில் தலாஸிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். நல்லபடியாக வந்துசேர்ந்தோம், பெண்ணைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்திருக்கிறார்கள், மாமியார் நல்ல மாதிரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். அப்புறம் கணவாயில் நடந்ததைச் சொன்னேன். பெண்ணை ஏற்றி அனுப்பியபோது அழாதவள் இப்போது விசும்பி விசும்பி அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"அவ போதும்னதும் நிறுத்திட்டாரா?"

"நிறுத்திட்டாருக்கா."

"உடனேயா?"

"உடனே."

"இன்னொரு தடவ சொல்லு துர்சுன்," என்றாள்.